இரண்டு வருடத் திட்டம்

ஒரே பில். இரண்டு எண்கள். இரண்டு வருடம்.

செல்போன் கடைப்பெண் மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சட்டையில் குத்தியிருந்த அட்டையில் தாரணி என்று இருந்தது. காலையிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியிருந்தது.

அவன் தலையாட்டினான். அவனுக்கு எல்லாம் மனப்பாடம்.

ஒரு வாரமாக இதே நினைப்புதான். நூல் கடையில் கணக்கு எழுதும்போதும், மாலை டேலி கணினி வகுப்பில் மற்றவர்கள் எதையோ தட்டிக்கொண்டிருந்தபோதும், இதைத்தான் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தான். ப்ரீபெய்டு என்றால் போனுக்கு முழு விலை. வேண்டும்போது ரீசார்ஜ் செய்யலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். போஸ்ட்பெய்டில் இருவருக்கும் சேர்த்து எடுத்தால் போன் பாதி விலைக்கு வரும். ஆனால் இரண்டு வருடத்துக்கு அசைய முடியாது.

எப்படிப் போட்டாலும் இரண்டு வருடத் திட்டம்தான் ஜெயித்தது.

அதுவே அவனுக்குச் சந்தேகமாக இருந்தது. ஜெயிக்க வேண்டும் என்று நினைத்துப் போட்ட கணக்கு ஜெயிக்காமல் என்ன செய்யும்?

பக்கத்து நாற்காலியில் அவன் மனைவி. கைப்பையின் வாரைத் தோளிலிருந்து இன்னும் கழற்றவில்லை.

"இவரு ஒரு வாரமா இதே வேலைங்க," என்றாள் தாரணியிடம். "சோறு எறங்குதோ இல்லியோ, கணக்கு எறங்கணும்."

ஏழு மாதம் அம்மா வீட்டில் இருந்துவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமைதான் சத்தியமங்கலத்திலிருந்து வந்திருந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டாள்.

"ஒரு மாசம் இருந்து பாக்கறேன். அதுக்கு மேல இப்பச் சொல்ல முடியாது."

சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. அதுதான் அவள் குறை. சண்டைகூடப் போடாத வீட்டில் யாரோடு பேசுவது என்று கேட்டுவிட்டுத்தான் போயிருந்தாள்.

வந்ததிலிருந்து அவன் பேசிப் பார்க்கிறான். திரை போன அவளுடைய பழைய போன் கண்ணில் பட்டது. அதைப் பிடித்துக்கொண்டான். நேற்று சாப்பிடும்போது ப்ரீபெய்டைப் பற்றிப் பேசினான். பிறகு போஸ்ட்பெய்டைப் பற்றிப் பேசினான். அவள் ம் கொட்டினாள்.

இருப்பாயா என்று கேட்டால் சொல்லத்தான் போகிறாள். கேட்க வாய் வரவில்லை. கடைக்குக் கூட்டி வந்துவிட்டான்.

"புதுசாக் கல்யாணமானவங்களாக்கா?" என்றாள் தாரணி.

"நாலு வருசமாச்சு."

"பாத்தாத் தெரியலீங்களே. இன்னும் பேசறதுக்குக் கூச்சப்படறீங்க!"

இருவரும் சிரித்தார்கள். ஒருவரையொருவர் பார்க்காமல்.

தாரணி கைரேகைக் கருவியை மேஜைமேல் வைத்தாள். இரண்டு எண்களும் ஒரே திட்டத்துக்குள் வருவதால் இருவருமே விரல் வைக்க வேண்டும்.

அவன் வைத்தான். பச்சை விளக்கு எரிந்தது.

அவள் வைத்தாள். சிவப்பு.

"வெரலத் தொடச்சுட்டு வைங்கக்கா. ஈரமா இருந்தா எடுக்காதுங்க."

துப்பட்டாவில் துடைத்தாள்.

நன்றாகத் துடைத்தாள்.

துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அவன் அந்தத் துப்பட்டா நுனியையே பார்த்தான். உள்ளே விரல் எப்போதோ காய்ந்திருக்கும்.

பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. உதடு வெடித்திருந்தது. வந்த நாளிலிருந்தே இப்படித்தான் இருக்கிறாளா? தெரியவில்லை. அவன் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேண்டாங்க," என்றான். "ப்ரீபெய்டே போட்டுருங்க."

தாரணியின் முகம் விழுந்துவிட்டது. "அண்ணா, போனுக்கு முழு விலை ஆயிருமுங்க. நீங்கதான இத்தன நேரம் இதே வேணும்னு..."

"பரவாயில்லீங்க. முழு விலையே குடுத்துக்கறேன்."

மனைவி துடைப்பதை நிறுத்தினாள்.

அவள் தன்னைப் பார்ப்பது தெரிந்தது. அவன் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருந்த போன் உறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். நீலம், கறுப்பு, மறுபடி நீலம். செய்தது சரியா என்று தெரியவில்லை. பிடித்து வைத்திருக்க வேண்டுமோ. விட்டுவிட்டான் என்றுதான் அவள் நினைப்பாளோ. திருப்பிச் சொல்ல நேரம் இருந்தது. சொல்லவில்லை.

தாரணி கருவியை எடுத்து ஓரமாக வைத்தாள். "செரிங்க. அக்கா நம்பருக்கு எத்தன நாளுக்குப் போடட்டும்?"

போன் கம்பெனிக்காரர்களுக்கு மாதம் என்றால் இருபத்தெட்டு நாள்தான். இரண்டு நாளை விழுங்கிவிடுகிறார்கள் என்று ரீசார்ஜ் செய்யும்போதெல்லாம் திட்டுவான். இன்று திட்டத் தோன்றவில்லை. அந்த இரண்டு நாள் கையிலிருந்து போவதுபோல் இருந்தது.



"ஒரு மாசத்துக்கே போடுங்க."

தாரணி தட்ட ஆரம்பித்தாள்.

"கொஞ்சம் இருங்க," என்றாள் மனைவி.

தாரணியின் விரல் நின்றது.

"எம்பத்திநாலு நாள் பேக்கு இருக்குங்களா?"

"இருக்குங்கக்கா. மூணு மாசத்துக்கு வரும். அதே போட்றட்டுமா?"

மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டு மேஜையைப் பார்த்தாள். அவளும் ஏதோ கணக்குப் போடுகிறாள் என்று தோன்றியது. கணக்கு என்றால் உள்ளே புகுந்து உதவி செய்யப் பழகிய வாய் அவனுக்கு. இறுக மூடிக்கொண்டான்.

வெளியே ஈரோடு பஸ் நிலையத்தில் யாரோ சத்தியமங்கலம் வழியிலிருக்கும் கோபிக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"போடுங்க," என்றாள்.

பில்லுக்கு மாற்று எண்ணாக அவனுடையதைக் கொடுத்திருந்தார்கள். ஓடிபி அவன் போனுக்கு வந்தது. படித்துச் சொன்னான்.

"தப்புங்குதுங்கண்ணா."

மறுபடி படித்தான். எண்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தெரிந்தன.

மனைவி கைப்பையைத் தோளிலிருந்து இறக்கி மேஜைமேல் வைத்தாள். அவன் கையிலிருந்து போனை வாங்கினாள். ஒவ்வொரு எண்ணாக, சத்தமாக, அவளே படித்துச் சொன்னாள்.