இரண்டு நிமிட ஏற்புரை

“மூணாவது தடவையா பாத்ரூம் போயிட்டு வர்றீங்கப்பா. உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?”

“ஒண்ணும் இல்லம்மா. முகம் கழுவினேன்.”

மகள் கைக்குட்டையை நீட்டினாள். சட்டமன்றத்தின் காத்திருப்பு அறை அது. சுவர் நிறைய பழைய சபாநாயகர்களின் படங்கள். உள்ளே யாரோ யாரையோ பார்த்துக் கத்திக்கொண்டிருப்பது கதவைத் தாண்டிக் கேட்டது. இன்னும் பத்து நிமிடத்தில் அங்கே அப்பாவின் போர்க்கால வீரத்தைப் பாராட்டித் தீர்மானம் கொண்டுவரப் போகிறார்கள். முப்பத்திரண்டு வருடம் கழித்து.

ராணுவத்தில் வயர்லெஸ்காரராக இருந்தவர், திரும்பி வந்து லிஃப்ட் மெக்கானிக் ஆனார். போரைப் பற்றி வீட்டில் வாய் திறந்ததே கிடையாது. மகளுக்கு விவரம் தெரிந்ததே தீர்மானத்தின் நகல் தபாலில் வந்த பிறகுதான். மலை உச்சிக் காவல் அரணில் ஆறு பேர். குண்டு விழுந்து நான்கு பேர் அங்கேயே இறந்தார்கள். அப்பாவின் நண்பர் ஒருவர் குற்றுயிராகக் கிடந்தார். மிஞ்சிய அப்பா விடியும்வரை ஒற்றை ஆளாக அரணைக் காத்து, அடுத்த படை வந்ததும் அந்த நண்பரை முதுகில் சுமந்து மலையிறங்கினார். நண்பர் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்து கண்ணை மூடினார்.

“வீட்டுக்குப் போயிடலாமாம்மா?”

“விளையாடறீங்களா? நம்ம தெருவே டிவி முன்னாடி உக்காந்திருக்கு. உங்க மாப்பிள்ளை லீவு போட்டுட்டுப் பாக்கறாரு. எதுக்குத்தான் இவ்வளவு அடக்கமோ!”

அப்பா ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் அவைக் காவலர் வந்துவிட்டார்.

“சார், உள்ள போனதும் சபாநாயகருக்கு ஒரு வணக்கம். பதக்கம் குத்துவாங்க. அப்புறம் ரெண்டு நிமிஷம் ஏற்புரை. பாதிப் பேரு மைக்கைத் தட்டித் தட்டியே அந்த ரெண்டு நிமிஷத்தைத் தீத்துடுவாங்க. நீங்க பேசிடுங்க.”

“பதக்கம் யாரு குத்தறாங்க?” என்றாள் மகள்.

“சார் முதுகுல சுமந்துட்டு வந்தாருல்ல, அவரோட சம்சாரம். டீச்சரா இருந்தவங்களாம்.”

“நம்ம டீச்சர் அத்தையா!” மகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வருடா வருடம் நண்பர் இறந்த தேதியில் அப்பா பஸ் ஏறி டீச்சர் வீட்டுக்குப் போவார். ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வருவார். நட்பு என்றால் எங்கப்பாவைப் பாத்துக் கத்துக்கணும் என்று அவள் எல்லோரிடமும் சொல்வாள்.

அப்பாவின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்ததை அவள் கவனிக்கவில்லை.

அவையில் தீர்மானத்தை வாசித்த உறுப்பினர் அடுக்குமொழிக்குப் பேர்போனவர். “அஞ்சு உயிரைப் பறித்தது எதிரியின் குண்டு! அதற்கும் அஞ்சாமல் நின்றது இவரது நெஞ்சு!” என்று முழங்கினார். இரண்டு பக்கமும் மேசைகள் அதிர்ந்தன. நரைத்த தலையும் தடித்த கண்ணாடியுமாக டீச்சர், பதக்கத்தை எடுத்துக்கொண்டு அப்பாவின் அருகே வந்தார்.

“கொஞ்சம் இருங்க டீச்சர். முதல்ல பேசிடறேன்.” அப்பா மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

“அது எதிரி குண்டு இல்லைங்க.”

தட்டிக்கொண்டிருந்த கைகள் நின்றன.

“நம்ம பீரங்கி குண்டு. எங்க சுடணும்னு வயர்லெஸ்ல எண் சொன்னது நான். நாலு ஏழுன்னு சொல்ல வேண்டியது, பதட்டத்துல ஏழு நாலுன்னு சொல்லிட்டேன். எங்க தலைமேலயே வந்து விழுந்துச்சு. அஞ்சு பேரைக் கொன்னது இந்த வாய்தான். அங்க யாரும் என்னைக் கேக்கல. நானும் சொல்லல.”

பார்வையாளர் மாடத்தில் கைதட்டத் தூக்கிய கையை இறக்கத் தெரியாமல் மகள் நின்றாள். அடுக்குமொழி உறுப்பினரின் வாய் திறந்தபடியே இருந்தது.

அப்பா டீச்சர் பக்கம் திரும்பினார். “வருஷா வருஷம் உங்க வீட்டுக்கு வந்ததே இதைச் சொல்லத்தான். உங்க முகத்தைப் பாத்ததும் நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும். எழுந்து வந்துடுவேன். இந்தப் பதக்கத்தை எனக்குக் குத்தாதீங்க டீச்சர். உங்க கையால வேண்டாம்.”

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவசரமே இல்லாமல் அப்பாவின் சட்டையில் பதக்கத்தைக் குத்தினார். பிறகு அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிதான் பேசினார். ஆனால் மைக் ஓடிக்கொண்டிருந்தது, அவை முழுக்கக் கேட்டது.

“ஆஸ்பத்திரில இருந்த அந்த ரெண்டு நாள்ல அவரு எல்லாத்தையும் என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாரு அண்ணா. முப்பத்திரண்டு வருஷமா என் வீட்டு நாற்காலில உக்காந்து வாயைத் திறக்காத மனுஷன், இங்க வந்தாவது சொல்வாரான்னு பாக்கத்தான், உங்களைப் பாராட்டணும்னு எட்டு மாசமா நடையா நடந்து மனு கொடுத்தேன்.”