மாடி அடுப்பு

“கீழே அம்மாவோட ஒரே அடுப்புல சமைச்சா கேஸ், கரண்டு ரெண்டுமே மலிவாம். மீட்டரே முடிவு பண்ணிடுச்சு, நான் என்ன செய்ய?” என்றான் ராஜவேல்.

தினமும் விடியலில் எல்லா கேஸ், மின் நிறுவனங்களின் கட்டணங்களையும் ஒப்பிட்டு, மலிவான திட்டத்துக்கு வீட்டை மாற்றிவிடும் மீட்டர், இன்று ‘வீட்டுக்கு ஒரே அடுப்பு’ திட்டத்துக்கு மாறி மாடி அடுப்பைப் பூட்டியிருந்தது.

“மீட்டர் சொல்லிடும், அதுக்கு என்ன மாமியாரா இருக்காங்க?” என்றாள் அவன் மனைவி செண்பகா. “நாலு வருஷம் உங்கம்மா கிட்ட உப்புக்கும் புளிக்கும் பேச்சு வாங்கிட்டு, இப்பத்தான் மாடிக்கு வந்து மூச்சு விடறேன்.”

“எவ்வளவு மிச்சமாகும் தெரியுமா?”

“தெரிய வேண்டாம்.”

பூட்டிய அடுப்பின் மேலேயே தோசைக்கல்லை வைத்தாள். பழைய திட்டத்துக்குத் திரும்ப வீட்டுக்காரனான ராஜவேலின் கைரேகை வேண்டும். மாவுக் கையால் அவனை இழுத்துப்போய் மீட்டர் முன்னால் நிறுத்தினாள்.

“விரலை வைங்க.”