கால் சுற்றுக்கு இரண்டு கிலோ

முள் ஐம்பத்தேழில் போய் நின்றது.

தராசு மேடையில் வெறும் பனியனோடு நின்ற அப்பா குனிந்து பார்த்தார். அம்மா எட்டிப் பார்த்தாள். தம்பி பார்த்தான். மகள் மட்டும் பார்க்காத மாதிரி மருந்துப் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் பார்த்துவிட்டாள்.

ஐம்பத்தேழா!

மூன்று வாரத்துக்கு முன்னால், மூன்றாவது ஊசிக்குக் கிளம்பிய அன்று, ஐம்பத்துமூன்று இருந்தார். அதற்கப்புறம் மனிதர் சாப்பிட்டது ஒரு பூனைக்கே பத்தாது. இந்த அழகில் நான்கு கிலோ ஏறியிருக்கிறாராம்.

அவள் எதிர்பார்த்தது ஐம்பத்தொன்று, மிஞ்சிப்போனால் ஐம்பத்திரண்டு. அந்த அளவுக்குத்தான் அவள் ஏற்பாடு செய்திருந்தாள்.

அப்பாவுக்கு இரைப்பையில் கேன்சர். ஆறு ஊசியையும் விடாமல் போட்டுக்கொண்டால் பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்றாவது ஊசி முடிந்து வாந்தியும் மயக்கமுமாகக் கிடந்த அன்று அப்பா ஒரு அறிவிப்பு வெளியிட்டார். எடை ஐம்பதுக்குக் கீழே இறங்கினால் அடுத்த ஊசி கிடையாது, ஆளை விட்டுவிட வேண்டும். அதுவும் ஆஸ்பத்திரி மெஷின் சொல்லும் எடை செல்லாது. அதற்கு எடைக்கல் வைத்துப் பார்த்து எத்தனை வருஷமோ. தன் கடைத் தராசு என்ன சொல்கிறதோ அதுதான்.

சொன்னால் சொன்னதுதான், அவர் அப்படிப்பட்ட ஆள். தராசு ரிப்பேரில் முப்பத்தொரு வருஷம். லேசாக ஒரு கால் சுற்று திருகிக் கொடுங்கள் என்று குழைந்துகொண்டு வந்த வியாபாரிகளை வாசலோடு துரத்தியவர். எந்தத் தராசானாலும் எடைக்கல்லை வைத்துச் சோதிக்காமல் கடையை விட்டு வெளியே அனுப்ப மாட்டார். கடைவீதியில் அவர் பெயரே கல்லுக்காரர்.

அந்தத் திருகு தராசின் அடியில் இருக்கிறது. வலப்பக்கம் கால் சுற்று திருப்பினால் ஐம்பது கிலோ ஆளுக்கு இரண்டு கிலோ கூடும். யாரும் ஏறாதபோது முள் பூஜ்யத்தில் பரம சாதுவாக நிற்கும். நேற்று மதியம் அப்பா அசந்து தூங்கிய நேரத்தில் மகள் அதைத்தான் செய்தாள். முப்பத்தொரு வருஷப் பெயரைக் கெடுக்கிறோமே என்று இரண்டு தடவை ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தாள். அப்பாவே போய்விட்டால் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

ஆனால் ஒரு கால் சுற்றுக்கு ஐம்பத்தேழு வரவே வராது.

அப்பா மேடையிலிருந்து இறங்கினார். நாலாவது ஊசிக்கு நேரமாகிவிட்டது, கிளம்பலாம் என்று சட்டையை எடுத்தார்.

அங்கேதான் தம்பி காரியத்தைக் கெடுத்தான். அவனையும் குற்றம் சொல்ல முடியாது. பத்து வருஷமாகக் கடையில் பழகிய கை. முள் சந்தேகப்படும்படி நின்றால், அவனைக் கேட்காமலே கல்லைத் தூக்கிவிடும். இருபது, இன்னொரு இருபது, ஒரு பத்து என்று மூன்று கல்லையும் மேடையில் ஏற்றினான். ஏற்றிய பிறகுதான் என்ன செய்து தொலைத்தோம் என்று அவனுக்கே உறைத்தது.

ஐம்பது கிலோ கல்லுக்கு முள் ஐம்பத்தெட்டு காட்டியது.

எட்டு கிலோ பொய். அப்பாவின் நிஜ எடை நாற்பத்தொன்பது.

அம்மாதான் முதலில் உடைந்தாள். முந்தாநாள் கடையைப் பெருக்கும்போது கால் சுற்று திருப்பிவிட்டதாக மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். இருபத்தாறு வருஷம் கூடமாட நின்றவளுக்கு அதுகூடவா தெரியாது? தம்பியும் ஒத்துக்கொண்டான். அவனும் கால் சுற்றுதான், இன்று காலையில். மகளும் ஜிப்பை விட்டுவிட்டு ஒப்புக்கொண்டாள். குடும்பமே திருட்டுக் கும்பலாக வரிசையில் நின்றது.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கிற நேரமா இது? நாற்பத்தொன்பதுதானே, ஆளை விடுங்கள் என்று அப்பா சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டால் என்ன செய்வது?

தம்பி விரல் விட்டுக் கணக்குப் போட்டான். மூன்று கால் சுற்றுக்கு ஆறு கிலோ. மிச்சம் இரண்டு கிலோ யாருடையது? அக்காதான் அவசரத்தில் அரைச் சுற்று திருப்பியிருப்பாள் என்று அவளை முறைத்தான். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தம்பியின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்யவே போய்விட்டாள்.

அப்புறம்தான் மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் தோன்றியது. திரும்பினார்கள்.

கல்லுக்காரர் யார் முகத்தையும் பார்க்காமல் வெகு மும்முரமாகச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் ஒரு ஓட்டை தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்.

மூன்று வாரமாக மகள், அப்பாவுக்கு உயிர்மேல் ஆசை விட்டுப்போய்விட்டது என்று நினைத்துக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறாள். இந்த மனிதர் என்னடாவென்றால், செருப்பு மாட்டக்கூடக் குனிய முடியாத உடம்போடு தராசுக்கடியில் புகுந்து திருகியிருக்கிறார். வாய்விட்டுக் கத்தலாம்போல் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அம்மா அவரைத் தன் பக்கம் திருப்பி, பொத்தான்களை அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டாள்.

தம்பி ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு தராசுக்கடியில் குனிந்தான், திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர.

"அதத் தொடாதடா," என்றார் அப்பா. "இன்னும் மூணு ஊசி இருக்கு."