தண்ணீர்த்தொட்டியடியில் நின்றுபோன ஊர்வலம்

"செத்த பல்லிய எறும்பு கடிச்சா, பல்லிக்கு வலிக்குமாப்பா?"

மகள் சின்னவளாக இருந்தபோது கேட்டது. வலிக்காது என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

இப்போது ஜன்னல் இடுக்கில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்க்கிறார். அவ்வளவு நிச்சயமாகத் தெரியவில்லை.

நடுத்தெருவில் பாடை. அதில் அவருடைய சிநேகிதர் பொன்னுலிங்கம். அவரைச் சுற்றித் தேனீக்கள்.

வேறு யாருமில்லை.

இறுதி ஊர்வலத்தில் வெடி போட வேண்டும் என்பது ஊர் வழக்கம். தண்ணீர்த்தொட்டிக்கு அடியில் போட வேண்டாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தொட்டியின் அடிவயிற்றில் முறம்முறமாகத் தேன்கூடுகள். சரவெடி முடியும் முன்பே அத்தனையும் இறங்கிவிட்டன.

பாடையை மரியாதையாக இறக்கி வைத்துவிட்டுத்தான் ஓடினோம் என்கிறார்கள் தூக்கியவர்கள். பறையடித்தவர்கள் பறையைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டார்கள். தீச்சட்டி ஏந்திய மூத்த மகன் மட்டும் புகைக்குள் பத்திரமாக ஓடினான். பங்காளிகள் மொத்தப் பேரும் அவன் பின்னாலேயே ஓடினார்கள். சொத்துத் தகராறில் அவன் முகத்தில் விழிக்காதவர்களும்தான்.

ஜன்னலில் நிற்கும் அவர் எப்படியோ கொட்டுப் படாமல் இந்த வீட்டுக்குள் புகுந்துவிட்டார். கூடவே பாதி ஊரும்.

"மச்சான், நீங்க மட்டும் வெளிய தலைய நீட்டிராதீங்க. பாடை ஒண்ணுதான் இருக்கு," என்றான் மனைவியின் தம்பி.

கேலிதான். ஆனால் உண்மை.

மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரே ஒரு தேனீ அவரைக் கொட்டியது. உதட்டில். உதடு வீங்கி, நாக்கு வீங்கி, மூச்சு விட்டுவிட்டு வந்தது. சுண்ணாம்பு தடவு என்றார் ஒருவர். வெங்காயம் என்றார் இன்னொருவர். எது முதலில் என்று சண்டை வந்துவிட்டது.

பொன்னுலிங்கம் இரண்டுக்கும் காத்திருக்கவில்லை. அவரை அள்ளி மொபெட்டில் போட்டு, துண்டால் தன் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு விரட்டினார்.

"வழியில செத்துகித்து வச்ச, கொன்னே போடுவேன்!"

வழியெல்லாம் இதே ஏச்சு.

ஊசி போட்ட டாக்டர் பிறகு சொன்னார். இன்னொரு தடவை கொட்டினால், ஊசி வருவதற்குள் உயிர் போய்விடலாம்.

உள்ளே இப்போதும் சுண்ணாம்பா வெங்காயமா என்ற சண்டை தொடங்கியிருந்தது. யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

கொல்லைக் கதவைத் திறந்தார்.

வெயிலில் ஒரு கொசுவலை காய்ந்துகொண்டிருந்தது. கைக்குழந்தைக்கானது. குடைபோல விரிவது. ரோஜா நிறத்தில் யானைக்குட்டிகள்.

முருகா என்று அதைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டார். மார்பு வரை வந்தது. மடித்துக் கட்டிய வேட்டியைக் கணுக்கால் வரை இறக்கிவிட்டார்.

ஓடினால் துரத்தும். மணப்பெண் மாதிரி அடிமேல் அடி வைத்து நடந்தார்.

நல்லவேளை, தெருவில் எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது.

பாடையருகே உட்கார்ந்தார். மாலையில் தேனீக்கள். கன்னத்தில். மூடிய இமையில்.

வலை ஒரு தலைக்குத்தான் காணும்.

தோள் துண்டின் நுனியால், தூங்குகிறவரை எழுப்பாமல் ஈ விரட்டுவதுபோல, ஒவ்வொன்றாக ஒதுக்கினார். பிறகு வலையைக் கழற்றிப் பொன்னுலிங்கத்தின் முகத்தின்மேல் கவிழ்த்தார்.

உள்ளே ஒன்று மாட்டிக்கொண்டது. மீசைக்குள்.

கையை உள்ளே விட்டார். இரண்டு விரலால் பூவைக் கிள்ளுவதுபோல அதை எடுத்தார். விரல்களுக்கிடையே அது அதிர்ந்தது.

வெளியே கொண்டுவந்து விட்டார்.

பிறகு மறுபடி கையை உள்ளே விட்டு, கலைந்திருந்த மீசையை முறுக்கிச் சரிசெய்தார்.