கவிழாத படகு

மூன்றாவது தடவையும் வின்சன்ற் அறுபது பேரை உயிரோடு கரை சேர்த்தார். முகத்தில் சிரிப்பில்லை.

“காத்தை இன்னும் கூட்டும், தங்கச்சி.”

யசோதரா மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். அவள் செய்த விளையாட்டு அது. குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுக்குத் திரையிலேயே படகு ஓட்டலாம். படகோட்டிகள் சங்கத் தலைவர் வின்சன்ற் ஓம் என்று சம்மதித்தால், புதிதாக வருகிறவர்கள் இதில்தான் பழகுவார்கள். இல்லையென்றால் அவளுடைய இரண்டு வருச வேலை குப்பைக்கு.

படகை இயக்கும் கணினி நிரலில் உள்ள எண்களைத் திரையோரத்தில் காட்டும் பெட்டிக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். பெயரைக் கேட்டதுமே வின்சன்றுக்குப் பிடிக்கவில்லை. யசோதரா ஒவ்வொரு எண்ணுக்கும் மேலே நிரலில் ஒரு சொல் எழுதி, காற்று, அலை, ஆட்கள் என்று தமிழ்ப் பெயரோடு, இழுத்துக் கூட்டிக் குறைக்கிற கோடுகளாக்கி வைத்திருந்தாள்.

“ஆக்களைத் தொண்ணூறாக்கும்.”

“ஏலாது அண்ணை. அறுபதுக்கு மேல கோடு போகாது. அப்பிடித்தான் எழுதினனான்.”

“கடலிலயும் ஆராவது இப்பிடி எழுதிவிட்டா நல்லம். சரி, மாத்திறதுக்கு வேற ஒண்டும் இல்லையோ?”

“எல்லாம் இதிலதான் இருக்கு, அண்ணை.”

பொய். ‘படகு கவிழாது’ என்ற வரிக்கு மேல் மட்டும் மறைக்கிற சொல்லைப் போட்டிருந்தாள். அந்த வரி வேலை செய்யும், பெட்டியில் தெரியாது. தலைவரைக் கவிழ்த்தால் தலைவருக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் ஓம் வராது என்று அன்று காலையில்தான் எழுதினாள்.

காற்று உச்சத்துக்குப் போனது. வின்சன்ற் படகை அலைக்குக் குறுக்கே விட்டார். கணினியில் மனுசனுக்குக் கை பழகவில்லை என்று யசோதரா நினைத்துக்கொண்டாள். படகு சாய்ந்து, குலுங்கி, அறுபது பேரோடும் நெடுந்தீவுக் கரையில் முட்டியது.

“உங்கட கைக்குக் கடலும் அடங்குது, அண்ணை!”

வின்சன்ற் எழுந்து செருப்பைத் தேடினார்.

“அப்ப, ஓம்தானே?”

“இல்லை. இதில பழகினவன் என்ர சங்கப் படகில கால் வைக்கக் கூடாது.”

“என்னண்ணை இது? நாலு தரமும் பத்திரமா வந்து சேந்தனீங்கள்!”

“நாலு தரமும் நான் கவிழ்க்கத்தான் பாத்தனான்.”