முதுகில் ஒரு கை

"அண்ணி, நீங்க எனக்கு முன்னாடி நில்லுங்க. உங்க முதுகு எனக்குத்தான்!"

நாத்தனார் இப்படிக் கூவியதும் மைக் அக்கா நைஸாக இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள்.

ஐரோப்பாவின் பால்கன் மலைநாட்டுப் பாட்டு கற்றுக்கொள்ள நாடு விட்டு நாடு வந்திருந்த எட்டுப் பெண்களும், நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பயிற்சி அறையில் வரிசையாக நின்றார்கள். அந்த ஊர்ப் பாட்டு வாத்தியாரம்மா வைத்த முறை அது. ஒவ்வொருத்தியும் முன்னால் நிற்பவளின் முதுகில் உள்ளங்கையை வைக்க வேண்டும். வாய்விட்டுப் பாடினால் முதுகு அதிரும். அதிராவிட்டால் பாடவில்லை என்று அர்த்தம்.

மைக் அக்காவின் முதுகு அதிரப்போவதில்லை. அதுதான் வினை.

மைக்கே இல்லாமல் தெருக்கோடி வரை கேட்கும் குரல் என்பதால் வந்த பட்டப்பெயர் அது. நாட்டுப்பாட்டுக் குழுவில் உச்ச வரியெல்லாம் அவளுடையதுதான். போன வருஷம் கழுத்தில் ஆபரேஷன் நடந்தது. கட்டி போனது, கூடவே மேல்குரலும் போனது. "எல்லாம் பழையபடி ஆயிடுச்சு" என்று குழுவில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அன்றிலிருந்து வாயை மட்டும் அழகாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். உண்மை தெரிந்தால் குழுவில் என்ன வேலை? வாரம் பூராவும் ஆஸ்பத்திரி வாசலில் டோக்கன் நம்பர் கூப்பிடுகிறவளுக்கு, ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு ஒன்றுதான் மூச்சு.

ஆபரேஷனுக்குப் பிறகு இந்த நாத்தனார் வேறு. உச்ச வரி வந்தால் போதும், பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டு தானும் கூடவே எடுப்பாள். தன் இடத்துக்கு அடிபோடுகிறாள் என்று மைக் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். எல்லாரும் கடற்கரைப் பக்கம் டூர் போகலாம் என்று சொன்னபோது, இந்த ஊருக்குத்தான் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று சாதித்தவளும் அவள்தான். அதற்கப்புறம் மைக் அக்கா உள்ளே நுழைந்தால் பேச்சு சட்டென்று நின்றுபோகும். இடத்தைப் பறிப்பதற்குக் கூட்டுச் சேர்க்கிறாள், வேறென்ன!

"எனக்குப் பின்னாடி நர்ஸு நிக்கட்டுமே. தையல் மிஷின் ஓட்டற கை உனக்கு. குத்தும்."

"குத்தினா குத்தட்டும். வெந்நி குடிச்சீங்களா அண்ணி?"

"எத்தனை தடவைடீ கேப்ப? நான் என்ன பச்சப் புள்ளையா?"

"பிளேன் ஏறும்போது ஆரம்பிச்ச சண்டை, இறங்கியும் முடியலையா?" என்று குழுவில் இருந்த நர்ஸ் சிரித்தாள்.

வாத்தியாரம்மா கை தட்டினாள். அறை அமைதியானது. அவள் ஒரு வரி பாடிக்காட்டினாள். நெஞ்சைத் திறந்து, எதிர் மலையில் நிற்பவரைக் கூப்பிடுவது போன்ற பாட்டு. பெண்கள் திருப்பிப் பாடினார்கள். மைக் அக்கா வழக்கம்போல வாயைத் திறந்தாள். நாத்தனாரின் உள்ளங்கை முதுகில் அழுத்தமாகப் பதிந்திருந்தது. அண்ணி பாடவில்லை என்று இப்போது கத்தப்போகிறாள், இதோ கத்தப்போகிறாள்.

கத்தவில்லை. ஆனால் வாத்தியாரம்மா பாட்டை நிறுத்திவிட்டு, நேராக மைக் அக்காவுக்கு எதிரே வந்து நின்று என்னவோ சொன்னாள்.

"உங்களை நடுவுல வரச் சொல்றாங்க அக்கா," என்றாள் மொழிபெயர்க்க வந்தவள். அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்த நம்மவள். நாத்தனாரின் தையல் கடைக்குப் பழைய வாடிக்கைக்காரி.

மைக் அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நானே சொல்லிடறேன். எனக்குக் குரல் போயிடுச்சு. ஒரு வருஷமா உங்களுக்கெல்லாம் ஊமைப்படம் காட்டிட்டிருக்கேன். என்னை விட்டுடுங்க. நீங்க கத்துக்கிட்டு வாங்க, நான் ரூம்ல துணி மடிச்சு வைக்கிறேன்."

வாத்தியாரம்மா அவள் கையை எடுத்துத் தன் நெஞ்சுக்குழியில் வைத்து, அடிக்குரலில் ஒரே ஒரு ஸ்வரத்தை இழுத்தாள். பிறகு, நீ பாடு என்று தலையை ஆட்டினாள்.

மைக் அக்கா பயந்து பயந்து முனகினாள். வாத்தியாரம்மா, இன்னும், இன்னும் என்று கையைக் காட்டினாள். தொண்டைக்குக் கீழே எங்கேயோ கிடந்த குரல், கரகரவென்று, கனமாக எழுந்து வந்தது. மேலே மற்றவர்கள் ஒருவர் குரலை ஒருவர் உரசிக்கொண்டு பாட, அடியில் அவளுடைய ஒற்றை ஸ்வரம் அசையாமல் நின்றது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மைக் அக்காவின் முதுகும்தான்.

"அடேயப்பா! இனிமே சுருதிப்பெட்டியைத் தூக்கிட்டு அலைய வேணாம்!" என்றாள் நர்ஸ்.

அப்பாடா! ஒரு வருஷமாக நெஞ்சில் வைத்திருந்த பாறாங்கல் இறங்கியது போல் இருந்தது மைக் அக்காவுக்கு. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மொழிபெயர்க்க வந்தவளிடம் மெல்லக் கேட்டாள்:

"இத்தனை பேர்ல நான்தான் பாடலன்னு அந்தம்மா எப்படிம்மா கண்டுபிடிச்சாங்க?"

"கண்டுபிடிக்கறதா? நல்லாக் கேட்டீங்க! நான்தான் முன்னாடியே சொல்லி வச்சேன். 'எங்க அண்ணிக்கு மேல்குரல் போயிடுச்சு, வெளிய சொல்ல மாட்டேங்கறாங்க, அவங்க வாய்விட்டுப் பாடற மாதிரி ஒரு பாட்டு உலகத்துல எங்கயாவது இருக்கா'ன்னு உங்க நாத்தனார் போன் போட்டு என் உயிரை எடுத்துட்டாங்களே! இந்த ஊர்ல இருக்குன்னு நான் சொன்னப்புறம்தான மத்த ஏழு பேரும் கூடிப் பேசி டிக்கெட்டே போட்டாங்க?"

மைக் அக்கா சட்டென்று திரும்பினாள். ஏழு பேரும் ஒரே நேரத்தில் ஜன்னலை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள்.