மலிவு சிம்

"ஹலோ... கேக்கலை, இரு, வெளியில வரேன்!" போனைக் காதில் வைத்தபடி மகள் ஸ்மிதா மாடிப்படிக்கு ஓடினாள்.

"அந்த மலிவு சிம்மைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிக் கொடுங்கோளேன். பொண்ணு தினமும் படியிலேயே நின்னுண்டிருக்கா," என்றாள் ஷ்யாமளா.

"சொல்லிப் பார்த்துட்டேன். 'சீப்பா இருக்கு, இதுவே போறும்ப்பா'ங்கறா. என் சிக்கனம் அப்படியே வந்திருக்கு அவளுக்கு!" வேங்கடசுப்ரமணியன் பூரித்துப்போனார்.

மகளுக்குப் போதுமென்றால் தனக்கும் போதும் என்று, மறுநாளே மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் அதே கம்பெனி சிம்மை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

அன்று மாலையும் ஸ்மிதா, "ஹலோ, ஹலோ" என்று வெளியே ஓடினாள். அடுத்த நிமிஷமே அவர் போனும் அடித்தது. பாலக்காட்டிலிருந்து தங்கை. படிக்கு ஓடக் கிளம்பியவர் அப்படியே நின்றார். ஹாலில் தங்கையின் குரல் கணீரென்று கேட்டது. சமையலறையில் கேட்டது. பாத்ரூமுக்குள்கூடக் கேட்டது.

பேசி முடித்துவிட்டு மெல்ல வெளியே எட்டிப்பார்த்தார். படியில் ஸ்மிதா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மூன்றாம் மாடிப் பையன் ஜெயராம். இருவருடைய போன்களும் கீழ்ப்படியில் சும்மா கிடந்தன. பேச்சு மட்டும் ஓயவில்லை.

வேங்கடசுப்ரமணியன் தொண்டையைக் கனைத்தார். இருவரும் விருட்டென்று எழுந்தார்கள்.

"ஆத்துக்குள்ளயே டவர் நன்னா வரதுடி. ரெண்டு பேரும் உள்ள வந்து பேசுங்கோ. அம்மா காப்பி போடறா."